ஒரே மலை, இரண்டு கிரகணம்

1871 டிசம்பர் 12 காலை நீலகிரியில் சூரியன் முழுதாக மறைந்தது. 2019 டிசம்பர் 26 காலை அதே நீலகிரிக்கு மேலே சூரியன் மோதிரமாக நின்றது: நடுவில் கறுப்பு, சுற்றிலும் கண்ணைப் பறிக்கும் வளையம். மலை அதே மலை, மாதமும் அதே மாதம், மறைத்ததும் அதே நிலா. பிறகு ஏன் ஒருமுறை இருட்டு, மறுமுறை வளையம்?

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலா வருவது அமாவாசையன்றுதான். ஆனால் எல்லா அமாவாசைக்கும் கிரகணம் வருவதில்லை. பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான அமாவாசைகளில் நிலா சூரியனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ போய்விடும். அதன் நிழல் பூமியில் படாது. இந்த இரண்டு தளங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. அவற்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் நிலா இருக்கும்போது அமாவாசை வந்தால்தான் சூரிய கிரகணம். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து.

பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று வருபவை இந்தப் புள்ளிகள்தான். பாம்பு விழுங்கும் கதை ஒருபுறம் இருக்கட்டும், கணக்கு, கணக்குதான். 1825-ல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிசகு சில நிமிடம்தான். முடியும் நேரத்தில் முக்கால் மணிக்கு மேல் தவறிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுபடி நீலகிரிக்கு வருவோம். சூரியனின் குறுக்களவு சுமார் 13.9 லட்சம் கி.மீ.; நிலாவுக்கு 3,474 கி.மீ. சூரியன் ஏறக்குறைய 400 மடங்கு பெரிது, ஏறக்குறைய 400 மடங்கு தள்ளியும் இருக்கிறது. அதனால் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. அந்த 'ஏறக்குறைய'வில்தான் விஷயமே இருக்கிறது. நிலாவின் பாதை சரியான வட்டமல்ல; பூமியிலிருந்து அதன் தூரம் சுமார் 3.57 லட்சம் கி.மீ. முதல் 4.06 லட்சம் கி.மீ. வரை மாறும். நிலாவின் கருநிழலோ சீவிய பென்சில்போலக் கூர்ந்துகொண்டே போய்ச் சராசரியாக 3.74 லட்சம் கி.மீ.யில் முடிந்துவிடும். நிலா கிட்டத்தில் இருந்தால் கூர் முனை தரையைத் தொடும். அது முழு கிரகணம். எட்டத்தில் இருந்தால் முனை நமக்கு மேலே அந்தரத்திலேயே முடிந்துபோகும். நிலா சூரியனைவிடச் சிறிதாகத் தெரியும், விளிம்பு மிஞ்சும். அதுதான் வளைய கிரகணம், பழைய பெயர் கங்கண கிரகணம்.

1871-ல் முனை தரையைத் தொட்டது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே பிரான்சிலிருந்து ழான்சன் என்ற வானியலாளர் நீலகிரியின் சோலூருக்கு வந்திருந்தார். முந்தைய ஆண்டு முற்றுகையில் கிடந்த பாரிசிலிருந்து பலூனில் ஏறித் தப்பி, கிரகணம் பார்க்க அல்ஜீரியா போனவர் அவர். அங்கே மேகம் மறைத்துவிட்டது. சோலூரில் வானம் கைவிடவில்லை. முழு கிரகணத்தின்போது மட்டும் வெறும் கண்ணுக்குத் தெரியும் சூரியனின் வெளிச்சூழலான கொரோனாவை நிறமாலைமானியால் ஆராய்ந்தார்.

2019-ல் நிலா சூரியனின் குறுக்களவில் சுமார் 97 சதவீதத்தை மறைத்தது. ஆனாலும் இருட்டவில்லை, வெயில் மங்கியது, அவ்வளவுதான். மிச்சமிருந்த விளிம்பின் ஒளியே கொரோனாவை மறைக்கப் போதும்.

சூரியனின் தூரமும் மாறும். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் சூரியன் சற்றே பெரிதாகத் தெரியும். 2010 ஜனவரி 15 அன்று அதனுடன் நிலாவும் எட்டத்தில் இருந்தது. வளையம் இந்தியப் பெருங்கடலில் அதிகபட்சமாக 11 நிமிடம் 8 விநாடி நீடித்தது. தனுஷ்கோடியில் சுமார் 10 நிமிடம். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குத்தான் யோகம்: 1871-ல் முழு கிரகணம், 2010-லும் 2019-லும் வளையம், மூன்றும் அவர்கள் ஊரிலேயே.

கருநிழலைச் சுற்றிப் பரந்து விழும் புறநிழலில் நிற்பவர்களுக்குப் பகுதி கிரகணம். 2019-ல் சென்னைக்குக் கிடைத்தது அதுதான். நான்காவது வகை அபூர்வம். பூமி உருண்டை அல்லவா, நிழல் பாதையின் நடுப்பகுதி நிலாவுக்குச் சற்று அருகில் இருக்கும், ஓரங்கள் தள்ளியிருக்கும். முனை மயிரிழையில் எட்டும் நாளில் நடுவில் முழு கிரகணமும் ஓரத்தில் வளையமும் தெரியும். 2023 ஏப்ரல் 20 அன்று அப்படி நடந்தது. ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் ஒரு நிமிடம் போல முழுதாக இருட்டியது.

அடுத்து 2031 மே 21 அன்று கேரளத்திலும் தென் தமிழகத்திலும் வளையம் தெரியும். வளைய கிரகணத்தில் ஒரு நொடிகூட வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே பிலிமும் கூலிங் கிளாசும் உதவாது. கிரகணக் கண்ணாடியோ 14-ம் எண் வெல்டிங் கண்ணாடியோ வேண்டும். இரண்டும் இல்லையென்றால் புங்க மரத்தடிக்குப் போய்த் தரையைப் பார்க்கலாம்: இலைகளின் சந்து ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமரா, நிழலுக்குள் விழும் ஒளிப்பொட்டுகள் அத்தனையும் முதலில் பிறையாகும், பிறகு வளையமாகும்.