ஒரே பஸ், நாலு பயம்

"எனக்கு ஆங்ஸைட்டி"ன்னு இப்ப நிறைய பேர் சொல்றோம். ஆனா அது ஒரே நோய் இல்ல. வெளியில தெரியற பதற்றம் ஒண்ணுதான், அடியில இருக்கற பயம் வேற வேற.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட்ல, மதுரை பஸ்ல ஏற முடியாம நாலு பேர் நிக்கிறாங்கன்னு வச்சுக்குங்க.

முதல் ஆளுக்கு நெஞ்சு படபடக்குது. "ஹார்ட் அட்டாக், செத்துருவேன்"னு நினைக்கிறார். இது பேனிக். உடம்புல வர்ற சாதாரண மாற்றத்தை மனசு பேராபத்தா அர்த்தம் பண்ணிக்குது, அந்தப் பயமே படபடப்பை ஏத்துதுன்னு 1986-ல உளவியலாளர் டேவிட் கிளார்க் விளக்கினார். மலைக்கோட்டைப் படி ஏறும்போதும் இதயம் அப்படித்தான் அடிக்குது. ஆனா அங்க காரணம் தெரியும், அதனால பயப்படறதில்ல.

ரெண்டாவது ஆளோட பயம்: "நடுவழியில ஏதாவது ஆனா இறங்க முடியாது, உதவி கிடைக்காது." இது அகோராஃபோபியா.

மூணாவது: "சில்லறை இல்லன்னு கண்டக்டர் கத்தினா, எல்லாரும் என்னைக் கேவலமா பார்ப்பாங்க." இது சமூகப் பதற்றம்.

நாலாவது ஆளுக்கு பஸ் பிரச்சினையே இல்ல. "நான் ஊர்ல இல்லாதப்ப அம்மாவுக்கு ஏதாவது ஆனா? வேலை போனா?"ன்னு கவலை தாவிக்கிட்டே இருக்கு. இது 6 மாசமாவது பெரும்பாலான நாட்கள்ல இருந்தா, பொதுப் பதற்றக் கோளாறான்னு டாக்டர் பார்ப்பார். கவலைப்பட்டாத்தான் ஆபத்துக்குத் தயாரா இருப்போம்ங்கற நம்பிக்கையும் இவங்கள்ல பலருக்கு உண்டு.

இதைப் பிரிச்சுப் பார்க்கறது ஏன் முக்கியம்? சிகிச்சை மாறுது. பேனிக்ல, படபடப்பு ஆளைக் கொல்லாதுன்னு தெரபிஸ்ட் துணையோட செஞ்சு பார்த்துக் கத்துக்கணும். சமூகப் பதற்றத்துல, மத்தவங்க நிஜமா நம்மளை எவ்வளவு கவனிக்கிறாங்கன்னு சோதிச்சுப் பார்க்கணும். முதல் ஆளுக்கு "யாரும் உன்னைப் பார்க்கல"ன்னு ஆறுதல் சொன்னா என்ன பிரயோஜனம்?

அதனால பதற்றம் வரும்போது, "அப்படியே நடந்தா, அதுல எனக்கு எது ரொம்ப பயம்?"னு கேட்டுப் பாருங்க. வர்ற பதிலை எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒருத்தருக்கே ரெண்டு பயம் சேர்ந்தும் இருக்கலாம், அதனால நீங்களே பேர் வச்சுக்க வேண்டாம்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க: புதுசா நெஞ்சுவலி வந்தா, "பேனிக்தான்"னு விட்டுடாம முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. மனசு விட்டுப் பேசணும்னா, 2022 அக்டோபர்ல மத்திய அரசு தொடங்கின டெலி மானஸ் இருக்கு. நம்பர் 14416. இலவசம், 24 மணி நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.