நிலக்கடலை வெண்ணெயும் கோதுமைக் காப்பியும்

எங்கள் கொட்டாரத்தில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் கன்னியாகுமரி வந்துவிடும். அங்கே கடலோரத்தில் காந்தி மண்டபம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி கடலில் கரைப்பதற்கு முன், காந்தியடிகளின் அஸ்திக் கலசத்தை வைத்திருந்த இடம் அது. சுற்றுலா வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் காந்தி ஒரு காலத்தில் அயல்நாட்டில், தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர்களுக்குத் தமிழ் எழுத்தும் சொல்லிக் கொடுத்தார். எங்கே தெரியுமா? தென்னாப்பிரிக்காவில்!

1860-ஆம் ஆண்டு முதல் நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி அங்கே போனார்கள். பின்னாளில் வியாபாரிகளும் போனார்கள். டிரான்ஸ்வால் பகுதியில் இந்திய ஆண்கள் கைரேகை பதிந்து, பதிவுச் சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று 1907-இல் சட்டம் வந்தது. முடியாது என்றவர்கள் சிறைக்குப் போனார்கள். அப்பா சிறையில் இருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்குச் சோறு?

காந்தியின் நண்பர் காலன்பாக், ஜெர்மானிய யூதர், கட்டடக் கலைஞர். 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தம்முடைய 1,100 ஏக்கர் நிலத்தை இந்தக் குடும்பங்களுக்காகக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறு, ஒரு ஊற்று. வேலைக்காரர் ஒருவர்கூட இல்லை.

அங்கே வந்து சேர்ந்தவர்களைக் கேளுங்கள். தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி. ஒருவர் சாப்பாடு இன்னொருவருக்குப் பிடிக்காது. இரண்டு சமையலறை வைக்கப் பணமும் இல்லை. காந்தி சைவம்தான். ஆனாலும், இறைச்சி வேண்டும் என்று யாராவது கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று நினைத்தார். முதலில் பெண்களிடம் போய் நிலைமையைச் சொன்னார். கணவனும் மகனும் சிறையில் இருக்கும் பெண்கள் அவர்கள். இறைச்சி சாப்பிட்டு வளர்ந்தவர்கள். "ஒரே அடுப்பு போதும், சைவமே இருக்கட்டும்" என்று அவர்களே சம்மதித்தார்கள். அவர்கள் மறுத்திருந்தால் பண்ணையின் கதையே வேறு.

சாப்பாடு என்ன? காலை ஆறு மணிக்கு ரொட்டியும் கோதுமைக் காப்பியும். கோதுமையைச் சிவக்க வறுத்துப் போட்ட காப்பி அது! பதினொரு மணிக்குச் சோறு, பருப்பு, காய்கறி. மாலை ஐந்தரை மணிக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது ரொட்டியும் காப்பியும். எல்லாம் ஒரே கிண்ணத்தில். சிறையில் கொடுப்பார்களே, அதுபோன்ற கிண்ணம். கரண்டிகள் பண்ணையிலேயே செய்த மரக்கரண்டிகள். சாப்பிட்டதும் அவரவர் கிண்ணத்தை அவரவர் கழுவ வேண்டும். (உங்கள் வீட்டில் யார் கழுவுகிறார்கள்?)

வெண்ணெய் விலை அதிகம். அதனால் நிலக்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய்போல் ஆக்கினார்கள். செலவு நாலில் ஒரு பங்குதான். மாவும் இரும்புக் கைத்திரிகையில் தாங்களே அரைத்தது. சொந்த வேலையாக ஜோகன்னஸ்பர்க் போகிறவர் நடந்துதான் போகவேண்டும். 21 மைல்! கொட்டாரத்திலிருந்து நாகர்கோவில் போய்த் திரும்பினால்கூட அவ்வளவு வராது. அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்புவார்கள். கையில் அந்த ரொட்டி, நிலக்கடலை வெண்ணெய், பழப்பாகு. கடைவீதி வேலையையும் பண்ணைச் சுத்தத்தையும் பார்த்துக்கொண்டவர் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்த தமிழர்.

ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பிருந்தபோது, தனியாக இருப்பார்களே என்று மற்றப் பிள்ளைகளும் பகலில் சாப்பிடாமல் இருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடம். வயலில் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளைகள் தூங்கி விழுவார்களாம்! தமிழ்ப் பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். தமிழ் எழுத்துத் தெரியாது. காந்திக்கோ, ஜி.யு. போப் எழுதிய தமிழ்ப் பாடநூலைத் தாண்டித் தெரியாது. சாயர்புரத்தில் பணியாற்றினாரே, அதே போப். வாத்தியாரை விடப் பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது வந்தால், காந்திக்கு அவர்கள்தான் மொழிபெயர்ப்பாளர்கள்!

1912-இல் காந்தி பாலையும் விட்டார். மாட்டிடம் கடைசிச் சொட்டுவரை கறப்பதற்காகக் கல்கத்தாவில் அதைப் படுத்தும் பாட்டைப் படித்ததும் ஒரு காரணம். காலன்பாக்கும் சேர்ந்துகொண்டார். இருவரும் பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று சாப்பிட்டார்கள். பால், தயிர், நெய் எதுவும் தொடாதவர்களை இன்று 'வீகன்' என்கிறோம். இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் அந்தச் சொல்லை உண்டாக்கியது 1944-இல்தான்.

இதில் எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குப் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல். இல்லையென்றால் அவித்த மரச்சீனிக் கிழங்கு. எதிலும் ஒரு சொட்டுப் பால் கிடையாது. காந்திக்கு நல்ல தேங்காய் கிடைத்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆறு வருடம் கழித்து, 1918-இல், இந்தியாவில் காந்திக்குக் கடும் சீதபேதி வந்தது. உடம்பு தேறவேயில்லை. பால் குடித்தால்தான் தேறும் என்றார் டாக்டர். விரதம் இருக்கிறதே! "நீங்கள் சபதம் செய்தபோது பசும்பாலையும் எருமைப்பாலையும்தானே நினைத்தீர்கள்? ஆட்டுப்பால் குடிக்கலாமே" என்ற யோசனை கஸ்தூரிபாவிடமிருந்து வந்தது. காந்தி குடித்தார்; பிழைத்தார். ஆனால் சபதத்தின் சொல்லைத்தான் காப்பாற்றினேன், அதன் உயிரைக் காப்பாற்றவில்லை என்று சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அது அவரைக் கடைசிவரை உறுத்தியது. ஆட்டுப்பாலை மட்டும் அவரால் விடவே முடியவில்லை.