காட்டிற்குக் கணக்கு எழுதிய ஜெர்மானியர்

ஹைதராபாத் நகரின் வடபால், தூலப்பள்ளியில் வனத்துறையினருக்குப் பயிற்சி தரும் கல்விக்கூடம் ஒன்று உள்ளது. மரங்களை எண்ணி, அளந்து, எவ்வளவு வெட்டலாம் என்று கணக்கிடுவது வன அலுவலரின் அடிப்படைக் கல்வி. இக்கல்வியை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர் ஒரு ஜெர்மானியர். டீட்ரிஷ் பிராண்டிஸ் என்பது அவர் பெயர்.

பிராண்டிஸ் 1824இல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தார். தந்தையார் தத்துவப் பேராசிரியர். மைந்தரோ செடி கொடிகளை நாடினார். 1849 முதல் பான் பல்கலைக்கழகத்தில் தாவர இயல் கற்பித்தார். வங்காளத்துச் செராம்பூரில் வாழ்ந்த பாதிரியார் ஜோஷுவா மார்ஷ்மனின் மகளை மணந்தது அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. அம்மையாரின் உறவினர் வாயிலாக அவரது திறமை கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸியின் செவிக்கு எட்டியது. 1856இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்கு மேற்பார்வையாளராக அவர் நியமனம் பெற்றார்.

அங்கே மரவியாபாரிகளின் கோடரி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. எத்தனை மரங்கள் உள்ளன என்பதே எவருக்கும் தெரியாது. பிராண்டிஸ் யானை மீதேறிக் காட்டினுள் புகுந்தார். நோட்டுப் புத்தகம் பயன்படாத அப்புதர்க்காட்டில், நான்கு குச்சிகளும் ஒரு பேனாக்கத்தியுமே அவருக்குக் கருவிகள். பருமனுக்கேற்பத் தேக்கு மரங்களை நான்கு வகையாகப் பிரித்து, ஒரு மரத்தைக் கண்டதும் உரிய குச்சியில் ஒரு வெட்டுக்குறி இடுவார். மாதக்கணக்கில் அலைந்து இவ்வாறு கணக்கெடுத்தார்.

ஆறடிச் சுற்றளவுக்கு மேற்பட்டவை முதல் வகை. இரண்டாம் வகை மரங்கள் வளர்ந்து அந்நிலையை எய்த 24 ஆண்டுகள் ஆகும் என அவர் மதிப்பிட்டார். ஆகவே முதல் வகையில் ஆண்டுதோறும் இருபத்துநான்கில் ஒரு பங்கையே வெட்டலாம் என்றார். 2,400 மரங்கள் இருந்தால் ஆண்டுக்கு 100. வட்டியை மட்டும் செலவிட்டு முதலைக் காக்கும் குடும்பத் தலைவனின் விவேகமே இது!

1864இல் அவர் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளரானார். 1865இல் முதலாவது வனச் சட்டம் பிறந்தது. 1878இல் டேராடூனில் வனப்பள்ளி தோன்றியது.

ஆயினும் மரத்தை எண்ணுவது எளிது. மரத்தடியில் வாழும் மக்களின் உரிமையை எண்ணுவதே கடினம். காடுகள் யாவும் அரசின் தனியுடைமை என்றனர் சில அதிகாரிகள். விறகும் மேய்ச்சலும் காலங்காலமாக ஊராரின் உரிமை என்று சென்னை ரெவினியூ போர்டு 1871இல் வாதிட்டது. பிராண்டிஸ் இடைவழியை நாடினார். முக்கியமான காடுகளை அரசு காக்கட்டும். ஆனால் ஒவ்வொரு கிராமத்திற்கும் தனக்கெனக் காடு இருக்கட்டும் என்றார். 1881இல் சென்னை மாகாணத்திற்கு வந்து, 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்திற்கு ஆலோசனை கூறினார். சட்டம் நிறைவேறியது, அவர் விரும்பிய கிராமக் காடுகளோ பரவலாக உருவாகவில்லை.

அக்குறையின் விளைவு யாது? அதற்கும் ஹைதராபாத் இராச்சியமே சான்று. நைஜாம் ஆட்சியிலும் ஆதிலாபாத் காடுகள் ஒதுக்கப்பட்டன. கோண்டு மக்களின் பயிர்த்தொழில் தடைபட்டது. நீரும் காடும் நிலமும் எங்களுடையவை என்று கிளர்ந்தெழுந்த கொமரம் பீம், 1940இல் ஜோடேகாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னரே, வியன்னாவிலிருந்து வந்த மானிடவியலறிஞர் ஹைமண்டார்ஃபின் முயற்சியால், கோண்டுகள் பலருக்கு நிலப்பட்டா கிடைத்தது.

தமிழர்க்கும் இந்நகருக்கும் இவ்வரலாற்றில் ஓர் உறவு உண்டு. 1967ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேச வனச் சட்டம், ஆந்திரப் பகுதியில் நிலவிய 1882ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தையும், ஹைதராபாத்தின் பழைய வனச் சட்டத்தையும் நீக்கி, இரண்டிற்கும் ஈடாக வந்தது. காடுவாழ் மக்களின் உரிமையை நாடாளுமன்றம் முழுமையாக ஏற்றது 2006இல்தான்.

பிராண்டிஸ் 1883இல் ஓய்வு பெற்றுத் தாயகம் சென்றார். அங்கும் ஆசிரியப் பணியை விடவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த வனவியல் மாணவர்களை ஜெர்மானியக் காடுகளுக்கு அழைத்துச் சென்று பயிற்றினார். அமெரிக்க வன இயலின் முன்னோடி கிஃபர்ட் பின்ஷோவும் அவரிடம் வழிகாட்டுதல் பெற்றவரே. 'இந்திய மரங்கள்' என்னும் அவரது பெருநூல் 1906இல் வெளிவந்தது. மறு ஆண்டு, பிறந்த ஊராகிய பான் நகரிலேயே அவர் காலமானார்.

அவர் கற்பித்த பாடங்கள் இரண்டு. வெட்டுமுன் எண்ணுக என்பது ஒன்று. ஊராரை விலக்கி வைத்துக் காட்டைக் காக்க இயலாது என்பது மற்றொன்று. முதற்பாடத்தை நாம் விரைவில் கற்றோம். இரண்டாவதைக் கற்க, அவர் மறைந்தபின் ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.