படைவீரர் உரிமை – 7
மறுப்புக் கடிதம் முடிவல்ல

டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பது இந்த வாரம்.

உடல்நலக் குறைவால் பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்க்கு, 'இந்த நோய் ராணுவப் பணியால் வரவில்லை, பணியால் அதிகரிக்கவும் இல்லை' என்று ஒரு கடிதம் வருகிறது. மூலக்கொத்தளத்தில் அந்தக் கடிதம் வந்துசேரும் வீட்டில் பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும். 'டாக்டர்களே எழுதிவிட்டார்கள், இனி யாரிடம் போய்க் கேட்பது?' என்று மனிதர் துறைமுகப் பக்கம் ஏதாவது கிடங்கில் காவல் வேலை தேடிப் போய்விடுவார்.

தரம்வீர் சிங் அப்படி விடவில்லை. 1985-இல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்த அவரை, வலிப்பு நோய்க்காக 1994-இல் வெளியே அனுப்பினார்கள். பாதிப்பு 20 சதவீதம், ஆனால் அது உடல்வாகால் வந்த நோய் என்றது மருத்துவ வாரியம். பென்ஷன் கிடைக்கவில்லை. இமாச்சல உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் வென்றார், இரு நீதிபதிகள் அமர்வில் தோற்றார், உச்ச நீதிமன்றம் போனார். 2013 ஜூலையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்: படையில் சேரும்போது நடந்த பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடுதான் சேர்ந்தார். பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. வாரியம் வெறுமனே 'தொடர்பில்லை' என்று எழுதினால் போதாது, காரணம் சொல்லியாக வேண்டும். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே.

ஆகவே முதலில் மருத்துவ வாரிய அறிக்கையின் நகலை வாங்குங்கள். அதில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் மறுக்கப்பட்டால், மீண்டும் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. அங்கேயும் கதவு மூடினால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. காலம் கடந்திருந்தாலும் தகுந்த காரணம் காட்டி மனுச் செய்யலாம். ஆனால் தாமதமான வழக்குகளில் நிலுவைத் தொகை பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பது 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் கைவிட்டுப்போன பணம்.

20 சதவீதம் அற்பம் என்று நினைக்காதீர்கள். பணியாலான பாதிப்பு என்று ஏற்கப்பட்டால், பென்ஷன் கணக்கில் அது 50 சதவீதமாக உயரும். 2014-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

ஒரு எச்சரிக்கை. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. அதற்குப் பிறகு வெளியேறியவர்கள் அந்த விதிகளைப் படித்த வழக்கறிஞரிடம் கேட்டபின் மனு எழுதுங்கள்.

டிரங்குப் பெட்டியில் கிடக்கும் அந்தக் கடிதத்தை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். கேட்காமல் விட்ட உரிமையை யாரும் வீடு தேடி வந்து தரமாட்டார்கள்.

(தொடரும்)