அம்மாவின் மாத்திரை பூனைக்கு ஆகாது!

பூனைக்கும் தைராய்டு நோய் வருமா?

வரும்! பெரும்பாலும் 10 வயதைத் தாண்டிய பூனைகளை இந்த நோய் பிடிக்கிறது.

தைராய்டு என்பது கழுத்தில் உள்ள ஒரு சுரப்பி. உடல் என்னும் அடுப்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது இதுதான். இது அளவுக்கு மீறிச் சுரந்தால், அடுப்பு எப்போதும் கொழுந்துவிட்டு எரியும்.

அப்போது பூனை நிறையத் தின்னும். ஆனாலும் இளைத்துக்கொண்டே போகும். அடிக்கடி தண்ணீர் குடிக்கும். இரவில் உறங்காமல் கத்தும். நெஞ்சு படபடக்கும். கவனிக்காமல் விட்டால் இதயம் கெட்டு, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பூனைகளுக்கு வரும் இந்த நோயை 1979-ம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்து டாக்டர்கள் விவரித்துச் சொன்னார்கள். இன்று இதை அடக்க நல்ல மருந்து இருக்கிறது. ஆனால் கொடுக்கும் முறை தெரிய வேண்டும்.

எந்த மாத்திரை?

"தைராய்டு மாத்திரைதானே? அம்மா தினமும் சாப்பிடுகிறாரே, அதில் பாதியைக் கொடுத்தால் போயிற்று" என்று நினைக்காதீர்கள்!

பெண்கள் பலருக்குத் தைராய்டு குறைவாகச் சுரப்பதுதான் தொல்லை. அதை ஈடுகட்ட அவர்கள் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். பூனையின் நோயோ அதற்கு நேர்மாறானது. அந்த மாத்திரையைப் பூனைக்குக் கொடுப்பது, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது போன்றது.

பூனைக்கு வேண்டியது சுரப்பைக் குறைக்கும் மருந்து. மெத்திமசோல், கார்பிமசோல் என்று இரண்டு மருந்துகள் உண்டு. இந்த இரண்டும்கூட அளவில் சமம் அல்ல. 10 மில்லிகிராம் கார்பிமசோல், சுமார் 6 மில்லிகிராம் மெத்திமசோலுக்குத்தான் ஈடாகும்.

ஓசூர்வாசிகள் ஒரு மாதம் உள்ளூரிலும், மறு மாதம் பெங்களூரிலும் மருந்து வாங்கக்கூடும். அட்டையில் வேறு பெயர் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள் தொடக்கூடாது

இந்த மருந்து வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. ஆகவே கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் இதைக் கையாளாமல் இருப்பதே நல்லது. பூனையின் வாந்தியையும் கழிவையும் அவர்கள் சுத்தம் செய்ய வேண்டாம். வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

மாத்திரை கொடுப்பவர் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரையை உடைக்கவோ, பொடியாக்கவோ கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மாத்திரையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொடுப்பது எப்படி?

முள் நீக்கிய, வேகவைத்த மீன் துண்டில் மாத்திரையை ஒளித்து வைத்துக் கொடுக்கலாம். குழம்பில் தோய்க்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம்!

மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. அப்படிப்பட்ட பூனையைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தலையை மேலே உயர்த்தி, கீழ்த்தாடையை மெல்லத் திறந்து, நாக்கின் பின்பகுதியில் மாத்திரையைப் போடுங்கள். வாயை மூடித் தொண்டையைத் தடவிக்கொடுங்கள்.

பிறகு, ஊசி இல்லாத சிரிஞ்சினால் 5 மில்லி தண்ணீரை வாயின் ஓரத்தில் மெதுவாக விடுங்கள். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும்.

ஷிப்டு வீட்டில் என்ன செய்வது?

மெத்திமசோல் மாத்திரையைப் பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கச் சொல்வார்கள். ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் வீட்டில் இதுதான் சிக்கல். இந்த வாரம் பகல் ஷிப்டு. அடுத்த வாரம் இரவு ஷிப்டு. கணவர் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அது தெரியாமல் மனைவியும் ஒன்று கொடுப்பார்!

இதற்கு வழி சுவரிலேயே இருக்கிறது. மாத்திரை கொடுத்ததும் நாட்காட்டியில் நேரத்தைக் குறித்துவிடுங்கள். ஒரு வேளை தவறினால், அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனை

மருந்து தொடங்கிய 2, 3 வாரங்களில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால், தைராய்டு நோய் அதை மறைத்து வைத்திருக்கும். மருந்து கொடுத்த பிறகுதான் அது வெளியே தெரியும்.

வாந்தி, பசியின்மை, காய்ச்சல், முகத்தைப் பிறாண்டிக்கொள்ளுதல், கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் நிறம் - இவற்றில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

உள்ளூர்க் கால்நடை டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். மேல்சிகிச்சைக்குப் பெங்களூர் ஹெப்பால், நாமக்கல், சென்னை வேப்பேரி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

மாத்திரை நோயை அடக்கும், வேரோடு அறுக்காது. பூனை தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பி வரும். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்துவந்தால், கிழப்பூனையும் இன்னும் பல காலம் உங்கள் வீட்டுத் திண்ணையில் நிம்மதியாக உறங்கும்.