நீங்க ஃப்ளஷ் செய்த தண்ணீர் தொழிற்சாலைக்குப் போகிறது! எப்படி?

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்த நேரம். வந்தது சுமார் 25 லட்சம் லிட்டர். வரவேற்புக்கும் கேமராக்களுக்கும் குறைவில்லை.

அதே ஆண்டு அவ்வளவு சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் நடந்தது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கும் ஆலைகள் செயல்பாட்டுக்கு வந்தன. ஒவ்வொன்றின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்க: முழுத் திறனில் ஓடினால் இரண்டும் சேர்ந்து தினமும் 36 தண்ணீர் ரயில்களுக்குச் சமம்!

இந்தத் தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வருவதில்லை. கொடுங்கையூர் தண்ணீர் மணலி, எண்ணூர் பக்கமுள்ள ஆலைகளுக்கும், கோயம்பேடு தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. அங்கே கொதிகலனுக்கும் குளிரூட்டும் கோபுரத்துக்கும் ஏரித் தண்ணீரை ஊற்றினால் அந்த அளவுக்குக் குடிக்கும் தண்ணீர் குறையும். மணலிக்கு இது புதுசும் இல்லை. அங்குள்ள சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களிலேயே கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டன.

சரி, சாக்கடை எப்படிச் சுத்தமாகிறது?

கழிவுநீரில் 99 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர்தான். முதலில் குப்பை, மணல், கசடு பிரியும். அடுத்து, கரைந்திருக்கும் அழுக்கை பாக்டீரியாக்கள் தின்று தீர்க்கும். வழக்கமான நிலையங்கள் இதோடு நிறுத்திக்கொண்டு ஆற்றில் விட்டுவிடும். இங்கே அதற்குப் பிறகும் மணல் வடிகட்டி, நுண்துளை சவ்வு, கடைசியில் ஆர்ஓ. ஆமாம், வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிற அதே ஆர்ஓதான், சைஸ் மட்டும் ராட்சத சைஸ்.

கடல்நீரைக் குடிநீராக்குவதை விட இதற்கு மின்சாரமும் குறைவு. காரணம் உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். சுத்திகரித்த கழிவுநீரில் பொதுவாக ஒன்றிரண்டு கிராம்தான். உப்பு குறைந்தால் சவ்வு வழியாகத் தள்ள வேண்டிய அழுத்தமும் குறையும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீர் ஆலை கட்டிய ஊர், சாக்கடையை இன்னும் முழுசாகப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் விசித்திரம்.

தலைவலியும் இல்லாமல் இல்லை. ஆர்ஓவில் உள்ளே போகும் தண்ணீரில் ஏறக்குறைய கால் பங்கு, உப்பு செறிந்த கழிவாக வெளியேறும். அதை எங்கே விடுவது என்பது எல்லா ஊரிலும் இடிக்கிற கேள்வி. எண்ணெயும் ரசாயனமும் சாக்கடையில் கலந்தால் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மாற்றுவது சல்லிசான வேலை இல்லை.

இதைக் குடிக்கலாமா?

தொழில்நுட்பத்தைக் கேட்டால் ‘ஓ, தாராளமா’ என்கிறது. முகம் சுளிப்பது மனசுதான். சிங்கப்பூர் இதற்கு ‘நியூவாட்டர்’ என்று பெயர் சூட்டி பாட்டிலில் அடைத்து மக்களிடம் கொடுத்தது. சாமர்த்தியமான வேலை! பெரும்பகுதி சிப் ஆலைகள் போன்ற தொழில்களுக்குப் போகிறது; கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலக்கப்படுகிறது.

நமீபியாவின் விண்ட்ஹுக் இன்னும் துணிச்சல். பாலைவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நகரம், 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நேரடியாகக் குடிநீர் விநியோகத்தில் கலக்கிறது. அங்கே கடைப்பிடிக்கும் முக்கியமான கட்டுப்பாடு ஒன்று உண்டு: தொழிற்சாலைக் கழிவு தனிப் பாதையில் போகும், குடிநீர் ஆலைக்கு வருவது வீட்டுச் சாக்கடை மட்டுமே. குடியிருப்புக்கு நடுவிலேயே பட்டறையும் சாயக்கடையும் இயங்குகிற நம்ம ஊர்த் தெருக்களில், அப்படிக் குழாயைப் பிரிப்பது சவ்வு வாங்குவதை விடப் பெரிய வேலை.