பல்பயனர் பனுவல் விளையாட்டுகள்: தோற்றமும் பனுவல் இயல்பும்

முன்னுரை

படமோ ஒலியோ இன்றித் திரையில் தோன்றும் எழுத்துகளைக் கொண்டே பலர் ஒரே நேரத்தில் இணைந்து ஆடும் கணினி விளையாட்டுகள் 'மட்' என வழங்கப்பெறுகின்றன. இன்றைய இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் முன்னோடி என்ற அளவிலேயே இவை பெரிதும் குறிக்கப்பெறுகின்றன. ஆயின், எழுதுதலும் வாசித்தலுமே ஆட்டமாக அமைவதால் இவை பனுவலாய்வுக்கும் உரியன. இவற்றின் தோற்றத்தையும் பனுவல் இயல்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றமும் பரவலும்

1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பாத்திரமேற்பு ஆட்டத்திற்கு விதிகளை வகுத்தளித்தது. வில் கிரௌதர் உருவாக்கி, 1977இல் டான் உட்ஸ் விரிவாக்கிய 'அட்வென்ச்சர்', ஒரு குகையைச் சொற்களால் விவரித்து, ஆடுபவர் தட்டச்சிடும் கட்டளைக்கேற்பக் கதையை நகர்த்தியது. எனினும் அது ஒருவர் மட்டுமே ஆடுவதாகும்.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா, கணினி நினைவகத்தின் ஒரு பகுதியைப் பல பயனர்க்கும் பொதுவாக்கினார். ஒருவர் செய்யும் மாற்றம் பிறருக்கும் உடனே புலனாயிற்று. 'மல்டி யூசர் டன்ஜன்' எனப் பெயரிடப்பெற்ற இதனை, 1980 முதல் ரிச்சர்டு பார்ட்டில் பொறுப்பேற்று வளர்த்தார். இப்பெயரின் சுருக்கமே 'மட்'. 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் உருவாக்கிய 'டைனிமட்', ஆடுவோரே புதிய இடங்களை எழுதிச் சேர்க்க வழிசெய்தது. வாசகர் ஆசிரியராகும் நிலை இதனால் விரிவுபெற்றது.

பனுவல் இயல்பு

இவ்விளையாட்டுகளில் மூவகை எழுத்து கலந்துள்ளது. அவை முன்னரே எழுதப்பெற்ற இட விவரணை, ஆடுபவரின் கட்டளை, ஆடுவோர் தமக்குள் நிகழ்த்தும் உரையாடல் என்பன. ஒருவர் வடக்கே செல்லக் கட்டளையிட்டால், அவருக்குப் புதிய இடத்தின் விவரணை தோன்றும்; அங்கிருந்தோர்க்கோ அவர் வடக்கே சென்றார் என்னும் செய்தி தோன்றும். செய்பவரை முன்னிலையிலும், காண்போர்க்கு அவரைப் படர்க்கையிலும் நிரல் சுட்டுகிறது. செயல் ஒன்றாயினும் வாக்கியம் இரண்டு. டைனிமட்டில் ஆடுபவர் தம் மெய்ப்பாட்டைத் தாமே படர்க்கையில் எழுதவும் இயலும். எனவே ஒரே ஆட்டத்தில் இருவர் வாசிக்கும் பனுவல் ஒன்றாக இருப்பதில்லை. வாசகரின் முயற்சியால் உருப்பெறும் இத்தகைய பனுவல்களை எஸ்பென் ஆர்செத் 'சைபர்டெக்ஸ்ட்' (1997) நூலில் 'எர்காடிக்' என வகைப்படுத்தினார்.

முடிவுரை

மூலபாடம் ஒன்றை நிறுவுதல் பதிப்பாய்வின் அடிப்படைப் பணியாகும். மட் விளையாட்டுகளிலோ நிரலும் இட விவரணைகளும் பேணப்பெற்றாலும், ஆடுவோர் அவ்வப்போது எழுதியவை பதிவு செய்யப்படாவிடின் மறைந்துவிடுகின்றன. எஞ்சுவது பனுவலன்று, பனுவல் நிகழ்வதற்கான களம் மட்டுமே. ஆதலின் இவற்றை ஆராய்வோர் நிரலோடு ஆட்டப் பதிவுகளையும் தரவாகக் கொள்ளுதல் வேண்டும். ஒரே ஆட்டத்தில் பங்கேற்ற பலரின் பதிவுகளை ஒப்புநோக்கினாலன்றி அதன் முழுமை புலப்படாது.